உவர்க்காற்றும் பழைய காரும்

பிழைப்பின் பொருட்டுக் கடலோர ஊர்களிற் குடியேறிய நம்மவர் பலர், புதிய கார் வாங்க வசதியின்றிப் பழையதை நாடுகின்றனர். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் திருச்சியில் நெடுநாள் உழைத்த தகடு அந்தமானிலும் அவ்வாறே உழைக்கும் என்று நம்புதல் ஆகாது.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரை அடுத்துள்ளது சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் இப்பகுதி நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நெல் விளைந்த வயல்களிற் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. சாலையை ஒட்டி உவர்நீர் நிற்கும் இத்தகைய ஊரில் கார் வைத்திருப்போர் துருவின் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு பிறக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐ எட்டியதும் சமையலுப்பு தானே நீரை ஈர்த்துக் கரையும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு 33 அளவிலேயே கசியத் தொடங்கும். ஆகவே மழையில்லா நாளிலும் உப்புப் படிந்த தகடு ஈரமாகவே இருக்கும். மழை நேரே கழுவும் கூரையினும், மழை எட்டாத மட்கார்டின் உட்புறம், கதவின் அடிவிளிம்பு, வாயிற்படியின் உட்குழி ஆகியவை முந்தி அரிக்கப்படுவது இதனாலேயே. வாங்குவோரோ பளபளக்கும் கூரையைத் தடவிப் பார்த்து மகிழ்கின்றனர்!

சென்னையில் வாங்கிக் கப்பலேற்றிக் கொணர எண்ணுவோர் இரட்டிப்பு விழிப்புடன் இருத்தல் வேண்டும். வந்தபின் திருப்பியனுப்புதல் எளிதன்று. 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களில் அந்நகரில் எத்தனையோ கார்கள் மூழ்கின. இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் திருகாணிகளை நோக்குங்கள். டிங்கரிங் கடையில் பட்டி பூசி மறைத்த ஓட்டையைக் காந்தம் காட்டிக் கொடுக்கும். மெல்லிய துணியிற் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்தினால் அவ்விடத்தில் அதன் பிடி தளரும். பம்பர் பிளாஸ்டிக்காயின் அங்கே ஒட்டாமை குறையன்று.

விதிகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, சட்டத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருப்பவர் அங்கே புதிய பதிவெண் கோருதல் வேண்டும். பழைய பதிவு அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்றைக் கப்பலேற்றும் முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.

இனிப் பராமரிப்பு. துருவின்மேல் தார்ப்பூச்சுப் பூசுவது நோயைப் போர்வையால் மூடுவதொக்கும். ஈரம் உள்ளே சிறைப்பட்டு அரிப்பு தொடரும். சுரண்டி, நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே பூசுதல் வேண்டும். உவர்நீரில் வண்டி இறங்க நேர்ந்தால் அன்றே அடிப்பாகத்தைக் கழுவுதல் இன்றியமையாதது. தனிக்காரி அணையை நம்பியுள்ள வட்டாரத்தில் கோடையிற் குடிநீரே தட்டுப்படும்போது காருக்கு ஏது தண்ணீர் என்று இல்லத்தரசியர் கேட்பது நியாயமே. ஆதலின் கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தொட்டியிற் சேர்த்து வையுங்கள். இரண்டு வாளியே கிடைப்பினும் அதனை மேற்பூச்சில் வீணாக்காது சக்கரக் குழிகளுக்கும் அடித்தகட்டிற்கும் செலவிடுங்கள். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் மண்ணால் அடைபட்டிருப்பின், ஒரு தென்னை ஈர்க்கினால் குத்தித் திறந்துவிடுங்கள்.