மலைவீட்டுக்கு எந்தத் துப்பாக்கி?



முந்தலைத் தாண்டி மேலே ஏறினால் காபியும் மிளகும் வைத்திருப்பவர்கள், குரங்கணி, கொட்டகுடி பக்கம் தனிவீட்டில் குடியிருப்பவர்கள், போடிமெட்டுக்கு அந்தப்புறம் ஏலத்தோட்டமும் ஸ்டோரும் வைத்திருப்பவர்கள் என்று போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள பலருக்கும் மனதில் இருக்கும் கேள்வி இது: வீட்டுக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா, ரைஃபிளா, கைத்துப்பாக்கியா?

கேட்பவர்களின் பயம் உண்மையானது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. விலை ஏறும் காலங்களில் செடியிலிருந்தே காயை உருவிக்கொண்டு போகிறவர்களும் வருவார்கள். உலர்ந்த காய் மூட்டை மூட்டையாக ஸ்டோரில் கிடக்கும். பக்கத்து வீடு ஒரு மேடு தாண்டி இருக்கும். கூப்பிட்டால் ஆள் வந்து சேர அரைமணி நேரம் ஆகும். இதற்கு மேல் யானை, காட்டுமாடு, பன்றி. பயப்படாமல் எப்படி இருப்பது?

ஆனால் திருடனுக்கான பயமும் விலங்குக்கான பயமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போவதில்தான் தவறு தொடங்குகிறது.

முதலில் விலங்கை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 29 அன்று, போடிமெட்டுக்கு அருகிலுள்ள சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற ஆண் யானையைப் பிடித்தார்கள். அரிசிக்காக வீட்டுச் சுவரையும் ரேஷன் கடையையும் உடைத்துப் பழகிய யானை அது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் வந்து, மே 27 அன்று கம்பம் நகரத்துக்குள்ளேயே நுழைந்தது. ஊரில் தடை உத்தரவு போட்டார்கள். ஓர் உயிரும் போனது. ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். அந்த நாட்களில் கம்பத்தில் எந்த வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தாலும் என்ன பயன்? ரவைத் தோட்டா யானையைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட யானை வெறிகொண்டு அடுத்த தெருவுக்குள் புகும். அதைப் பிடிப்பது மருத்துவரும் கும்கியும் வனப் பணியாளர்களும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. வாழையைத் தின்றது, ஏலச்செடியை மிதித்தது என்பதற்காகச் சுட்டால் அது வேட்டை. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைச் சுடலாம். சுடுகிறவரும் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளராக இருக்கவேண்டும். நம் சரிவுகளில் பெரும்பாலான தோட்டம் காட்டை ஒட்டியே இருக்கிறது. ஆகவே நமக்கு அது அநேகமாகப் பொருந்தாது. மலை விவசாயியின் நஷ்டம் இந்த 3 கிலோமீட்டர் கணக்குக்குள் அடங்குவதில்லை என்பது என் வருத்தம். அதை அரசிடம் உரக்கச் சொல்லவேண்டும். அதற்காகத் துப்பாக்கி தூக்கினால் நஷ்டத்தோடு சிறையும் சேரும்.

இனி மனிதன். வாங்குவதற்கு முன்னே சட்டமே பாதித் தேர்வைச் செய்து வைத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவில், பாதுகாப்புக்காகக் கேட்பவர்களுக்கு வழவழப்பான உட்குழல் கொண்ட, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கியைச் சொல்கிறது. பயிர்க் காவலுக்கு என்றால் குழலின் வாய்வழியே கருமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று மாவட்ட ஆட்சியருக்குத் தோன்றினால் வேறு வழவழப்புக்குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். 21 வயது நிறைந்திருக்கவேண்டும். காவல்துறையின் அறிக்கை வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும், பூட்டிவைப்பேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம்.

நியாயமான காரணம் காட்டி உரிமம் பெற்றவர் என்னைக் கேட்டால், பன்னிரண்டு போர் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ போதும் என்பேன். இச்சாப்பூரில் செய்யும் .315 ரைஃபிள் வேண்டாம். காரணம் நம் மலையின் அமைப்பு. சரிவில் மேலிருந்து சுட்டால் குறி தவறிய குண்டு கீழே எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? கீழே லயத்தில் தொழிலாளர்கள் குழந்தைகளோடு தூங்குகிறார்கள். விடிவதற்கு முன்பே காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் வளைவுகளில் ஏறுகின்றன. மிகச் சிறிய .22 குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ரவை அவ்வளவு தூரம் போகாது, சீக்கிரம் வேகம் இழக்கும். கைத்துப்பாக்கியோ, தொடர்ந்து பழகாதவர் கையில், பதற்றத்தில், இருட்டில், பத்தடியிலும் குறி தவறும்.

எதை வாங்கினாலும் பீரோவில் துணிக்கடியில் வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். துப்பாக்கி ஓர் இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டுக்குள். வீட்டில் சிறுவர்கள் இருக்கிறார்கள், குடிப்பவர் இருக்கிறார், மனம் சோர்ந்து கிடப்பவர் இருக்கிறார் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. திருடன் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். துப்பாக்கி தினமும் வீட்டிலேயே இருக்கிறது.

சுடும் உரிமைக்கும் எல்லை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பைச் சொல்கின்றன. சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்து உள்ளே வருபவனிடம் அந்த உரிமை விரிகிறது. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுபவனின் முதுகில் சுட அது இடம் தராது. தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக்கூடாது என்பதே அடிப்படை. அதனால்தான் முதல் செலவை ஸ்டோர் கதவிலும் இரும்புப் பட்டையிலும் போடுங்கள் என்கிறேன். இயக்கம் கண்டு எரியும் விளக்கு, குரைக்கும் நாய், நாலு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து மாறி மாறி வைக்கும் காவல், காய் உலர்ந்ததும் தாமதிக்காமல் போடிக்கு இறக்கிவிடும் வழக்கம், இவை எதற்கும் உரிமம் வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். மலையோரத்தில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாயிலும் வண்டியின் ஸ்டியரிங் ராடிலும் குழல் செய்து, கருமருந்தைக் குத்துமதிப்பாகக் கெட்டித்து வைத்திருப்பார்கள். மருந்து ஒரு பிடி கூடினால் குழல் வெடித்துச் சுடுபவரின் விரலையும் கண்ணையும் கொண்டுபோகும். இரவில் புதர் அசைகிறது என்று சுட்டு, கூட வந்தவரையே கொன்றவர்கள் உண்டு. தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படித்தான்: பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, வாய் சிதறிப் பட்டினி கிடந்து சாகிறது. உரிமமின்றித் துப்பாக்கி செய்பவருக்கு 2019 திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

தாத்தா விட்டுப்போன துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது, உரிமம் அவர் பெயரில் இருக்கிறது, அவர் இறந்து வருடங்கள் ஆகின்றன என்ற நிலையிலும் சில குடும்பங்கள் இருக்கின்றன. உரிமம் உள்ளவர் இறந்ததுமே அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பு. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கவேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்க வழியுண்டு. உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு விண்ணப்பிக்கலாம்.

ஆகவே, நேயர்களே, நாளைக் காலை வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். உரிமப் புத்தகத்தில் காலாவதித் தேதி எது, எந்த எல்லைக்குள் அது செல்லும், போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் எடுத்துப்போக அதில் இடம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தேதி முடிந்திருந்தால், எடுத்த எடுப்பிலேயே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல், முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.