ஆட்டத்தை எழுதியவர்

உடற்கல்வியில் பட்டம் பெறும் இளைஞர்களே,

நாளை நீங்கள் விசிலோடு மைதானத்தில் இறங்கப் போகிறீர்கள். கூடவே ஒரு பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன். வால்டர் கேம்ப் என்பவரின் வாழ்க்கைதான் என்னை அப்படிக் கேட்க வைக்கிறது.

1859-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஆசிரியருக்கு மகனாகப் பிறந்தவர். யேல் கல்லூரிக்காக ஆடினார். மருத்துவப் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டார். பிழைப்புக்குக் கடிகாரக் கம்பெனி வேலை.

அன்று அங்கே கால்பந்து என்று ஆடியது ஏறக்குறைய ரக்பிதான். இரு அணியும் முட்டித் தள்ளும் நெரிசலில் பந்து யார் பக்கம் வருமென்று சொல்ல முடியாது. 1880-இல், ஒரு நேரத்தில் பந்து ஒரே அணிக்குத்தான் சொந்தம் என்ற விதியைக் கேம்ப் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 21. அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது, முதல் பாதியில் பிரின்ஸ்டன் பந்தை விடாமல் வைத்துக்கொண்டது; மறு பாதியில் யேலும் அதையே செய்தது. யாரும் புள்ளி எடுக்கவில்லை. மறு ஆண்டே திருத்தம் வந்தது: மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். தூரம் அளக்க மைதானம் நெடுகச் சுண்ணாம்புக் கோடுகள் விழுந்தன. அமெரிக்கக் கால்பந்து என்ற தனி ஆட்டம் அந்தத் திருத்தத்தில்தான் பிறந்தது என்பேன்.

1888-இல் யேல் அணிக்குப் பயிற்சியாளரானார். பகலில் கம்பெனியை விட்டு வர வழியில்லை. புதிதாக மணமான மனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய், யார் எப்படி ஆடினார்கள் என்று கவனித்துக் குறித்துவருவார். மாலையில் அந்தக் குறிப்புகளை வைத்துக் கணவர் ஆட்டக்காரர்களோடு பேசுவார். அந்தப் பருவத்தில் யேல் 13 ஆட்டங்களையும் வென்றது. எடுத்த புள்ளி 698, கொடுத்தது பூஜ்யம். அந்த வெற்றியில் ஆலிஸின் பங்கை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பயிற்சியாளராக இருந்தது சில ஆண்டுகளே. எழுத்து கடைசிவரை நீடித்தது. ஏறக்குறைய 30 நூல்கள், 250-க்கும் மேற்பட்ட கட்டுரைகள், சிறுவர் நாவல்கள்கூட. யேல் பக்கமே போகாத ஒரு சிற்றூர்ப் பையனும் அவர் எழுத்தைப் படித்து ஆட்டம் கற்றான். முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காக அவர் வகுத்த பன்னிரண்டு உடற்பயிற்சிகள் பிறகு வீடுகளுக்குள்ளும் புகுந்தன. 1925-இல் விதிக் குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் சென்றிருந்தபோதுதான் காலமானார்.

அவரிடம் எனக்குப் பெரும் மனத்தாங்கல் ஒன்று உண்டு. ஆட்டத்தில் முரட்டுத்தனம் பெருகி எதிர்ப்பு கிளம்பியபோது, பழைய ஆட்டக்காரர்களிடம் கருத்துக் கேட்டு 1894-இல் ஒரு நூல் வெளியிட்டார். பாதகமான பதில்கள் அதில் ஒதுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தில் அடிபட்டு நேரும் சாவுகள் தொடர்ந்தன. 1905-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டே கேம்ப் உள்ளிட்டோரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906-இல் வந்தது. நெரிசலைக் கலைக்கும் அந்த மாற்றத்தைக் கேம்ப் மனமுவந்து ஏற்கவில்லை. தான் வளர்த்த ஆட்டத்தின் மேல் வைத்த பாசம், இளம் வயதில் ஓட்டையைக் கண்டதும் அடைக்க முனைந்த கையைக் கட்டிப்போட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இது. நீங்கள் எந்தப் பள்ளிக்கு பி.டி. மாஸ்டராகப் போனாலும், முதல் வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தப் பயிற்சி பலித்தது, எந்தப் பிள்ளை ஏன் ஒதுங்கி நிற்கிறது, யாருக்கு எப்போது எதனால் அடிபட்டது என்று எல்லாம் அதில் வரட்டும். உங்கள் பயிற்சியால் பட்ட காயத்தையும் விடாமல் எழுதுங்கள். ஆண்டு முடிவில் அதைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் படிக்கக் கொடுங்கள்.