பூஜ்யமா, தெரியவில்லையா?

(ஏற்காட்டில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை நாம் எல்லோரும் சேர்வராயன் கோயிலுக்குப் போய் வந்தோம். 5,300 அடிக்கு மேலே உள்ள மலையுச்சி. வெளியே நின்று பார்த்தால் பாறையில் ஒரு சின்ன வாசல், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து குகைக்குள் போனால்தான் சேர்வராயனும் காவேரி அம்மனும் தெரிகிறார்கள். எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் லேபுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். ஆனால் "உள்ளே போய்ப் பார்" என்கிற பாடம் மட்டும் எனக்கு வெகு நாள் ஏறவில்லை. அது எப்படி ஏறியது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் 1994-ல் படிப்பை முடித்தவன். டிபேஸ், பாக்ஸ்புரோ என்று ஆரம்பித்து, பிறகு போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள சர்வரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தேன். 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கிய மென்பொருள் அது. காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம். ஆண்டுக்கொரு புதிய பதிப்பு வரும். ஒவ்வொரு பதிப்பிலும் சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் புள்ளிவிவரங்கள் கூடிக்கொண்டே போகும்.

2016-ல் வந்த 9.6 பதிப்பில் ஒரு நல்ல வசதி சேர்ந்தது. அதற்கு முன்பு, ஒரு வேலை பூட்டுக்காகக் காத்திருக்கிறதா என்பதற்கு 'ஆம், இல்லை' என்று மட்டும்தான் பதில் வரும். 9.6-லிருந்து எதற்காகக் காத்திருக்கிறது என்றே சொல்லிவிடும். பழைய 'ஆம், இல்லை' கட்டத்தை எடுத்தே விட்டார்கள். நான் ஒரு கண்காணிப்பு நிரல் எழுதினேன். பதிப்பு 9.6 அல்லது அதற்கு மேல் என்றால் புதிய முறையில் கேள், இல்லாவிட்டால் பழைய முறையில் கேள், பிழை வந்தால் 0 என்று போடு. மூன்றே விதி. ஜோராக ஓடியது.

2018-ல் ஒரு மருத்துவமனையின் பில்லிங் சர்வரை 10-ஆம் பதிப்புக்கு மாற்றினோம். 9.6-க்கு அடுத்தது 10. சில நாளில் தினமும் காலை வேளையில் கவுன்டர் நின்றுவிடும். நோயாளிகள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். என் அறிக்கையோ 'காத்திருப்போர் 0' என்கிறது. அதை நம்பி, "டிஸ்க் பழசுங்க, புது சர்வர் வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். சில லட்ச ரூபாய் விஷயம்.

அப்போது நம் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், இது நிஜமாவே ஜீரோவா, இல்ல தெரியலங்கறதுதான் ஜீரோன்னு வருதாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நிரலைத் திறந்து பார்த்தோம். நான் பதிப்பை எண்ணாக ஒப்பிடவில்லை, எழுத்தாக ஒப்பிட்டிருந்தேன். எழுத்து வரிசையில் '10' என்பது '9.6'-க்கு முன்னால் வரும், '1' சின்னது அல்லவா! ஆகவே என் நிரல் 10-ஐப் பழைய சர்வர் என்று முடிவு கட்டி, இல்லாத கட்டத்தைக் கேட்டது. பிழை வந்தது. நானே எழுதி வைத்தபடி 0 என்று போட்டது.

சர்வரிடமே நேராகக் கேட்டோம். பத்துப் பன்னிரண்டு வேலைகள் ஒரே பூட்டுக்காக நிற்கின்றன. ஒரு திரையில் பில்லைத் திறந்தவர் எழுந்து போனால், அவர் திரும்பும் வரை பூட்டு விடுபடாது. அந்த நிரலும் நான் எழுதியதுதான்! அதைத் திருத்தினோம், வரிசை நகர்ந்தது. புது சர்வர் வாங்கவில்லை. நிர்வாகியிடம் போய் "தப்பு என்னுதுங்க" என்று சொன்னதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

மாணவர்களே, ஒரு சர்வரில் புதிய புள்ளிவிவர வசதி இருக்கிறதா என்று பார்க்க நான் இப்போது ஐந்து கேள்வி கேட்கிறேன்.

ஒன்று, பதிப்பு என்ன? அதை எண்ணாகக் கேளுங்கள். 9.6.24-க்கு 90624 என்றும், 16.3-க்கு 160003 என்றும் சர்வரே தரும். இதில் ஏமாற வழியில்லை.

இரண்டு, அந்தப் பட்டியல் உண்மையில் இருக்கிறதா? டிஸ்க் போக்குவரத்தைக் காட்டும் 'ஸ்டாட் ஐ.ஓ.' 2023-ல் 16-ஆம் பதிப்பில்தான் வந்தது. 2024-ல் 17 வந்தபோது, பழைய இடத்திலிருந்த சில எண்கள் வேறு பட்டியலுக்குக் குடிபோய்விட்டன. ஆக, புதுசு என்றாலே பழையதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

மூன்று, அது இயக்கத்தில் இருக்கிறதா? டிஸ்க் நேரத்தை அளக்கும் வசதி தானாக ஓடாது, நாம்தான் இயக்க வேண்டும். எந்தக் கேள்வி எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைக்கும் 'ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' வேண்டுமென்றால், அமைப்புக் கோப்பில் சேர்த்து, சர்வரை ஒரு முறை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

நான்கு, பார்க்க நமக்கு அனுமதி உண்டா? அனுமதி இல்லாவிட்டால் அடுத்தவர் வேலையின் விவரம் மறைக்கப்படும்.

ஐந்து, எப்போதிருந்து எண்ணுகிறது? நேற்று அழித்துவிட்டுத் தொடங்கிய கணக்கை ஒரு வருடக் கணக்கு என்று படிக்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. பதில் கிடைக்கவில்லை என்றால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், 0 என்று எழுதாதீர்கள். தெரியவில்லை என்றால் யாராவது தேடுவார்கள். 0 என்று போட்டால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள், வரிசையில் நிற்கிறவர்தான் நின்றுகொண்டே இருப்பார்.

அந்த மாணவி இப்போது என்னைவிடப் பெரிய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். சந்தேகம் வந்தால் நான்தான் அவளுக்குப் போன் செய்கிறேன். உங்களில் யார் நாளைக்கு என்னைக் கேள்வி கேட்டாலும் சந்தோஷமே.