பாட்டில்லாத படம்



திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செல்லும் பெருவழியில் செம்பட்டி என்னும் சந்திப்பூர் உண்டு. ஒட்டன்சத்திரத்துப் பாதையும் நிலக்கோட்டைப் பாதையும் அங்கே வந்து கூடுகின்றன. அச்சந்தியில் இரண்டு மாட்டு வண்டிகள் மோதிக்கொண்டால், நான்கு பாதைகளிலிருந்தும் வந்தவர்கள் நான்கு விதமாகக் கதை சொல்வார்கள். நால்வரும் பொய்யர் அல்லர். அவரவர் நின்ற இடத்திலிருந்து அவரவர்க்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். அப்படியானால் நடந்தது எது? துப்பறியும் கதை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

சிறுவனாயிருந்தபோது செம்பட்டிப் பக்கத்துக் கூடாரக் கொட்டகை ஒன்றில், மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து, 'அந்த நாள்' என்னும் படத்தைப் பார்த்தேன். படம் தொடங்கியதும் ஒரு துப்பாக்கி வெடித்தது. ஒரு மனிதன் மாண்டான். மாண்டவன் வேறு யாருமல்லன், கதாநாயகனாகிய சிவாஜி கணேசன்! கொட்டகை திகைத்தது. சற்று நேரத்தில் பக்கத்திலிருந்த பெரியவர், "பாட்டு எப்போது வரும்?" என்று வினவினார். கடைசிவரை பாட்டு வரவேயில்லை. நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

துப்பறியும் கதை தமிழர்க்குப் புதிதன்று. ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர்கள். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாயிற்று; எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றித் துப்பறிந்தார். அத்தகைய படங்களில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்பது தொடக்கத்திலேயே விளங்கிவிடும்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வகைப் படம் வளர்ந்திருந்தது. அதில் இருளும் நிழலுமே அதிகம். மனிதரின் உள்ளமும் அவ்வாறே இருக்கும். பிரெஞ்சு விமர்சகர்கள் அதற்குக் 'கறுப்புப் படம்' என்று பெயரிட்டனர். 1941இல் வெளிவந்த 'மால்டீஸ் ஃபால்கன்' அவ்வகையில் புகழ் பெற்றது. அதில் வரும் தனித் துப்பறிவாளன், தான் விரும்பிய பெண்ணே கொலையாளி எனக் கண்டு, அவளைக் காவலரிடம் ஒப்படைக்கிறான். அவன் வெல்கிறான், ஆயினும் அவ்வெற்றியில் அவனுக்கு மகிழ்ச்சி இல்லை.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' 1950இல் வந்தது. ஒரு மரணத்தைப் பலர் பலவாறு உரைக்கும் கதை அது. அதனைக் கண்டு மனம் பறிகொடுத்த எஸ். பாலசந்தர், அம்முறையில் ஒரு நாடகம் எழுதினார். அந்நாடகத்தை வானொலி ஏற்கவில்லை என்று கூறுவர். வானொலியிலேயே இதனைச் சொல்ல எனக்குச் சிறிது நாணமாகத்தான் இருக்கிறது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் அக்கதையைப் படமாக்க இசைந்தார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். 1954 ஏப்ரலில் படம் வெளிவந்தது. பாட்டே வேண்டாம் என்று துணிந்த பாலசந்தர் யார் தெரியுமா? வீணையால் உலகப் புகழ் எய்திய அதே பாலசந்தர்தான். இசையின் மதிப்பை அறிந்தவரே அதனை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிவார்.

கதை நிகழும் காலம் 1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய மறுநாள், ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்படுகிறான். ஒவ்வொருவரும் மற்றொருவர்மீது ஐயத்தைத் திருப்புகின்றனர். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ஒரு புது ராஜன் தோன்றுகிறான். இறுதியில் உண்மை வெளிப்படுகிறது. தன் அறிவை நாடு மதிக்கவில்லை என்னும் கசப்பினால், அவன் பகைவருக்கு ஒற்றனாகியிருந்தான். அவன் உயிரைப் பறித்த குண்டு, அவனை உயிராக நேசித்த மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியிலிருந்து பாய்ந்தது. பண்டரிபாய் அப்பாத்திரத்தை ஏற்றிருந்தார்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருந்தாதீர்கள். எழுபது ஆண்டுகளைக் கடந்த படம் இது. விடை தெரிந்த பின்னரும் பார்க்கத்தக்கது. ஏனெனில், "கொன்றவர் யார்?" என்ற கேள்வி தீர்ந்ததும் அதனினும் கடினமான கேள்வி எழுகிறது. அன்பும் கடமையும் எதிரெதிரே நின்றால் நாம் எப்பக்கம் நிற்பது? அமெரிக்கத் துப்பறிவாளனுக்கு நேர்ந்த சோதனையே உஷாவுக்கும் நேர்கிறது. ஆனால் அவளுக்கு அது இன்னும் கொடியது. அவள் எதிரே நிற்பவன் தாலி கட்டிய கணவன்.

'ரஷோமோன்' உண்மை எது என்பதை ஐயத்திலேயே விட்டுவிடுகிறது. 'அந்த நாள்' அவ்வாறு விடவில்லை. சாட்சிகள் பலவாறு சொல்லலாம், ஆனால் நடந்தது ஒன்றே. பொறுமையுடன் தேடினால் அதனை அடையலாம் என்கிறது. இவ்விரண்டில் எது சரி என்று நீங்கள் வகுப்பில் வாதிட்டுப் பாருங்கள்.

மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் இப்படத்துக்குக் கிடைத்தது. வெளிவந்தபோது வசூல் மட்டும் கிடைக்கவில்லை. ஆயினும் அன்று பெரும் பணம் ஈட்டிய படங்கள் பல மறைந்துபோயின. இப்படம் இன்றும் பேசப்படுகிறது.

அன்று கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, முணுமுணுத்த பெரியவர் செம்பட்டிச் சந்திவரை என்னுடன் நடந்து வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. பிரியும்போது, "அந்தப் பெண் செய்தது சரியா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பாட்டைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. அக்கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று அதனை உங்களிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன்.