அம்மாவோட நோட்டு

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் 12 ஏ4 தாளை நடுவில் மடித்து, மூன்று ஓட்டை போட்டு, ஆளுக்கொரு நோட்டு தைத்தோம். 48 பக்கம். மாதத்துக்கு 4 பக்கம். இன்று அதை அலங்கரிக்கப் போகிறோம்.

"கணக்கு நோட்டுக்கு எதுக்கு அலங்காரம்?"னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். குழுவுக்குத் தீர்மான நோட்டு, ரொக்க நோட்டு எல்லாம் ஒழுங்கா எழுதுறோம். நம்ம வீட்டுக் கணக்கு எங்கே இருக்கு? காலண்டர்ல, பிள்ளையோட ரஃப் நோட்டுக் கடைசிப் பக்கத்துல. வெறும் நோட்டா இருந்தா பிள்ளைங்க கிழிச்சு ராக்கெட் விடும். பூவும் உங்க பேரும் ஒட்டியிருந்தா, "இது அம்மாவோடது"ன்னு வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சாமான் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். பரண் மேல் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை போதும். கெட்டி அட்டை, தங்க எழுத்து, பூக்கரை எல்லாம் அதிலேயே இருக்கு. சாமி படத்தை வெட்ட மனசு வரலேன்னா விட்டுடுங்க, ஓரத்தை மட்டும் எடுங்க.

பெவிக்காலை மெல்லிசாத் தடவணும். ஈரம் அதிகமானால் தாள் சுருங்கும். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், காயும்போது அது அந்தப் பக்கமே இழுத்து வளைந்துவிடும். உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டுங்கள், நேராக நிற்கும். பிறகு மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு, ராத்திரி முழுக்க அரிசி மூட்டைக்கு அடியில் வையுங்க. மைதாப் பசை மலிவுதான், ஆனால் பூச்சி அரிக்கும். அதுக்காக மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

குவில்லிங் பூ பார்க்க அழகு. பையில் வைத்தால் நசுங்கிப் போகும். தட்டையான பூவே ஒட்டுங்க. தையல் மடிப்பு மேல் எதுவும் ஒட்டக் கூடாது, நோட்டு விரியாது.

பக்க ஓரத்தில் ஒன்றரை செ.மீ. அகலத்தில் கலர் சார்ட் துண்டு, மாதத்துக்கு ஒன்று, ஒன்றின்கீழ் ஒன்றாக. 21 செ.மீ. உயரத்தில் 12-ம் அடங்கும்.

கடைசி அட்டைக்குள் பத்திரிகை உறையை ஒட்டினால் ஒரு பை. இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க. வாரத் தவணை கட்டின சீட்டு தொலைஞ்சு, கட்டின பணத்தையே மறுபடி கட்டினவங்க நம்ம ஊர்ப்பக்கமே இருக்காங்க. சீட்டு வாங்கினதும் தேதி, தொகையை அந்த மாதப் பக்கத்தில் எழுதி, சீட்டை இந்தப் பையில் போடுங்க.

பஞ்சிங் மெஷினும் பெவிக்காலும் நான் கொண்டு வந்திருக்கேன். கத்தரிக்கோல் நாலுதான் இருக்கு, மாத்தி மாத்தி வெட்டிக்கலாம். பத்திரிகையை எடுங்க.