நெளுக்குளத்திலிருந்து நெடுந்தீவுக்கு



விடுமுறையைத் தீவொன்றிற் கழிக்க விரும்புவோர் பலர் மாலைதீவையும் பாலித்தீவையும் எண்ணிப் பெருமூச்சு விடுகின்றனர். நாம் வாழ்வதே வெப்பவலயத் தீவொன்றில் என்பதும், அதன் வடபால் வேறு பல தீவுகள் உள என்பதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

வவுனியா நகருக்கு அணித்தேயுள்ள நெளுக்குளத்தில் வாழும் ஒரு குடும்பத்தார் நெடுந்தீவைப் பார்த்துவரத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். குளத்தையும் வயலையும் அன்றாடம் காண்போர்க்குக் கடல் சூழ்ந்த நிலம் புதுமையன்றோ? போரினால் 1990ஆம் ஆண்டில் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் அந்நகரை அடைந்தது. வன்னியிலே அத்தீவைக் காணாமலே முதுமையெய்தியோர் இருப்பின் அது வியப்பன்று.

முதலிற் காலத்தைத் தேர்தல் வேண்டும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடையும் மழையும். வைகாசியிற் சோளகம் எழுந்து கடலைக் கலக்கும். இடைப்பட்ட மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே ஏற்றவை. காலபோக நெல்லை அறுத்து வீடு சேர்த்த கமக்காரனுக்கு ஓய்வும் கையிற் சிறிது பணமும் இருப்பதும் அப்பொழுதுதானே!

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஒரே நாளிற் சென்று மீள முயலாது, அங்கு ஓரிரவு தங்குக. மறுநாட் காலை பண்ணைப் பாலங் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடையலாம். நயினாதீவுப் படகும் அங்கிருந்தே புறப்படுவதால் கேட்டறிந்து ஏறுக. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். திரும்பும் படகின் நேரத்தை முன்னரே அறிந்துகொள்க. தவறவிட்டால், தங்கும் விடுதிகள் அங்கு மிகச் சில.

ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். நெடுந்தீவிற் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீர். கோடையிற் குதிரைகளும் நீரின்றி மடிவதுண்டு. ஆகவே குடிநீரை உடன் கொண்டு செல்லுங்கள். அங்குள்ளோரின் குடத்தில் நாம் பங்கு கேட்கலாகாது. படகிலும் அவ்வாறே. பெருவைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளிக்கும், சந்தைக்குச் செல்லும் வியாபாரிக்கும் அதுவே வீதி. அவர்கள் ஏறிய பின்னர் நாம் ஏறுவோம். இக்கடல்வழியிலேதான் 1985 மே 15ஆம் நாள் ‘குமுதினி’ப் படகிற் சென்ற பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். உல்லாசமாகச் செல்வோரும் அதனை அறிந்திருத்தல் தகும்.

தீவிற் காணத்தக்கவை பல. சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள் என்னை மிகக் கவர்ந்தவை. பருத்த பெருக்கமரமும் இடிந்த கோட்டையும் உள. ஐரோப்பியர் காலத்திற் கொணர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் திறந்த புல்வெளியில் மேய்கின்றன. அவை சவாரிக்குப் பழகியவையல்ல. சிறுவரை அண்மையிற் செல்ல விடாதீர்கள். அவ்வெளியில் நிழல் அரிது. குடை ஒன்று அவசியம் எடுத்துச் செல்லுங்கள்.