செய்திப் பாலிலே தண்ணீர் எவ்வளவு?

(சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"செய்தியும் தொழிலாளியும்" என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். பெரிய விஷயம். நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பாலை நிறுக்கும்போது வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக முழு எடையையும் ரப்பர் என்று எழுதிக்கொள்கிறோமா? இல்லை. அளவுகோலை அதிலே மிதக்கவிட்டுப் பார்க்கிறோம். ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கண்ட பிறகே கணக்கு. மழைத் தண்ணீர் கலந்தாலும் பால் வெள்ளையாகத்தான் தெரியும். செய்தியும் அப்படித்தான். கண்ணால் பார்த்த மாத்திரத்தில் கலப்பு தெரியாது.

சிங்கப்பூரிலே தமிழ்ப் பத்திரிகை என்பது நேற்று முளைத்ததன்று. 1887-இலேயே "சிங்கை நேசன்" வார இதழாக வந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணி "தமிழ் முரசு" தொடங்கினார். சீர்திருத்தம் பேசவும் ஏழைத் தமிழனின் குறையை எடுத்துச் சொல்லவும் பிறந்த பத்திரிகை அது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. 1963-இல் அந்தப் பத்திரிகையின் தொழிலாளர்களே வேலை நிறுத்தம் செய்தார்கள். 1995-இல் அது சிங்கப்பூர்ப் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. எந்தப் பத்திரிகைக்கும் ஒரு முதலாளி உண்டு, செலவு உண்டு, நோக்கம் உண்டு. படிக்கிறவனுக்கு அது நினைவிருக்க வேண்டும்.

வானொலியையும் பாருங்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதுவரை அங்கே வானொலியில் வெள்ளைக்காரன் வெல்வான் என்ற பேச்சு. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் ஜப்பான்காரன் வெல்வான் என்ற பேச்சு. 1945 செப்டம்பரில் மறுபடியும் வெள்ளைக்காரன். வீட்டிலிருந்த பெட்டி ஒன்றுதான். பேசவைத்த எஜமான்தான் மாறினான்.

பொய் சொல்லாமலே தீ மூட்டவும் முடியும், தோழர்களே! 1950-இல் மரியா ஹெர்டோக் என்ற 13 வயதுச் சிறுமியின் வழக்கு நடந்தது. டச்சுக்காரப் பெற்றோருக்குப் பிறந்து, மலாய்த் தாயார் ஒருவரிடம் முஸ்லிமாக வளர்ந்த பெண். பெற்றோரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவளைக் கிறிஸ்தவக் கன்னிமாடத்தில் வைத்தார்கள். அங்கே எடுத்த படங்களைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. படம் பொய்யில்லை. ஆனால் எந்தப் படத்தை, எந்த நேரத்தில், எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதில்தான் விஷமம் இருந்தது. டிசம்பர் 11-இல் கலகம் வெடித்தது. 18 பேர் மாண்டார்கள். 173 பேர் காயமுற்றார்கள்.

இனி நம் இனத்துத் தொழிலாளரைச் சுட்ட நெருப்பைச் சொல்கிறேன். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு. தொழிலாளர்களை விடுதிக்கு ஏற்றிச்செல்லும் பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் இறந்தார். உதவிக்கு வந்தவர்கள் பார்த்தபோதே உயிர் இல்லை. கூட்டத்துக்கு அது தெரியாது. பஸ் டிரைவரையும் உடனிருந்த பெண் ஊழியரையும் ஆம்புலன்ஸில் ஏற்றியதை மட்டும் கண்டார்கள். "நம் ஆளைச் சாகவிட்டு அவர்களைக் காப்பாற்றுகிறார்கள்" என்ற பேச்சு வாய்க்கு வாய் பரவிற்று. கல் பறந்தது; வண்டிகள் எரிந்தன.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு கூடி 2014-இல் அறிக்கை தந்தது. மது ஒரு காரணம். நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம் என்றது. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடன்பட்டு வந்தவன் கடன் என்னாயிற்று? அவன் குடும்பம் என்னாயிற்று? சிந்தியுங்கள்!

வதந்தி கூட்டத்தின் பக்கம் மட்டும் இருக்கவில்லை. மறுநாளே இணையத்தில் இந்தியத் தொழிலாளி என்றாலே காலி என்று எழுதினவர்கள் உண்டு. வெறுப்புப் பேச்சுக்கு இடங்கொடுக்காதீர்கள் என்று அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. பார்த்தீர்களா, ஒரே இரவில் தொழிலாளியை இரண்டு பொய்கள் அடித்தன. ஒன்று அவன் நம்பிய பொய். மற்றொன்று அவனைப் பற்றிப் பிறர் நம்பிய பொய்.

இன்று வாட்ஸ்அப் நம் சட்டைப் பையில் இருக்கிறது. அன்று ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குப் போனது, இன்று ஒரு விரல் தட்டில் நூறு பேருக்குப் போகிறது. "சம்பளம் ஏறிவிட்டது", "சங்கம் விலைபோய்விட்டது", "பெர்மிட் ரத்தாகிறது" என்று வரும். நம்மைப் பிரிக்க நினைப்பவனுக்கு இதைவிட மலிவான ஆயுதம் கிடையாது.

ஆகையால் நாலு கேள்வி கேளுங்கள். இதைச் சொல்பவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா? இதை நான் நம்பினால் யாருக்கு லாபம்? இதிலே சொல்லாமல் விட்டது என்ன? இந்த நாலும்தான் செய்திப் பாலை அளக்கும் கோல். நம் சங்கப் பத்திரிகைக்கும் இதே கோல்தான். நாங்கள் எழுதுவதையும் அளந்து பாருங்கள். தவறிருந்தால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் நம் படிப்பகத்தில் ஒரே செய்தியை இரண்டு பத்திரிகையிலிருந்து உரக்க வாசிப்போம். எழுத்தறியாத தாய்மாரும் வந்து கேட்கட்டும். எது எதிலே குறைகிறது என்று பேசுவோம். வாசிக்கும் பொறுப்பைக் கிராணிமார்கள் ஏற்கவேண்டும். முதல் வாரம் நான் வாசிக்கிறேன்.